கூரைத் தூசி

கோல்பி ஸ்லோனேக்கருக்கு அந்தக் கார் மேல் பித்து. அவன் பிறப்பதற்கு முப்பது வருடம் முன்னால் செய்த வண்டி. இரண்டே கதவு, எட்டு சிலிண்டர். கிளப்பினால் தெருவில் உள்ள ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும். சோளக்காட்டுக் கொட்டகை ஒன்றில் கோழி எச்சத்துக்கு நடுவே கிடந்ததை டிரெய்லரில் ஏற்றி லைமா நகரத்துக்குக் கொண்டுவந்து, வாடகை வீட்டின் பின்னால் இருந்த கராஜில் போட்டான். பகலெல்லாம் டயர் கடை வேலை. சாயங்காலம் வீடு வந்து ஒரு வாய் சாப்பிட்டதும் கராஜுக்குள் நுழைந்துவிடுவான்.

அவன் மனைவி மார்லாவுக்கு அதில் வருத்தமில்லை. அவள் அக்கா புருஷன் பொழுது சாய்ந்தால் பாரில்தான் கிடப்பான். "என் ஆளு எங்க இருக்கான்னு நான் தேட வேண்டாம். சத்தம் வர்ற பக்கம் பாத்தா போதும்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

கோல்பி அந்த வண்டியைப் பழையபடி ஆக்க விரும்பவில்லை. யாரிடமும் இல்லாத மாதிரி ஒன்று வேண்டும் அவனுக்கு. கைப்பிடிகளை எடுத்தான். பெயர்த் தகடுகளைப் பிடுங்கி ஓட்டைகளை அடைத்தான். கூரையில் ஒட்டியிருந்த கறுப்பு ரெக்சினை உரித்தபோது, கூரையும் பின்பக்கத் தகடும் சேரும் இடத்தில் ஏதோ சாம்பல் நிறப் பூச்சு தெரிந்தது. நகத்தால் கீறினால் கோடு விழும் அளவுக்கு மெத்தென்று இருந்தது. ஆலைக்காரர்கள் இணைப்பை மறைக்க எதையோ உருக்கி ஊற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, கூரையை ஒரே வழவழப்பாக இழைக்க வேண்டும் என்பது அவன் ஆசை.

அந்தக் குளிர்காலம் முழுக்க அதே வேலை. வெளியே பனி கொட்டியதால் கதவைச் சாத்திக்கொண்டு கிரைண்டரை ஓட்டினான். மாவு மாதிரி தூசி பறந்தது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டான். மூக்குக்குக் கைக்குட்டை கட்டிப் பார்த்தான், மூச்சு முட்டியதால் விட்டுவிட்டான். வேலை முடிந்து வீட்டுக்குள் வந்ததும் மகள் டெஸ்ஸி தத்தித் தத்தி வந்து காலைக் கட்டிக்கொள்வாள். அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த குழந்தை. தூக்கி மார்பில் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்வான். அவள் அவனுடைய ஜாக்கெட் ஜிப்பை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே தூங்கிப்போவாள்.

பனி விலகும் சமயம் டெஸ்ஸி சாப்பிட மறுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். 'டாடா', 'நாய்', 'இன்னும்' என்று கற்றிருந்த நாலைந்து சொற்களும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். மறுநாளே போன் வந்தது. குழந்தையின் ரத்தத்தில் ஈயம். கொஞ்சநஞ்சமில்லை, இந்த வாரக் கடைசிக்குள் கூட்டிவந்து சேர்த்துவிடுங்கள் என்றார்கள்.

"இந்த வீட்டு பெயின்ட்தான்! பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும். எங்கம்மா அப்பவே சொன்னா, பழைய வீடு வேண்டாம்னு" என்று மார்லா கத்தினாள்.

வீட்டுக்காரர் விட்மர் எழுபதைத் தாண்டியவர். வாசல் படியில் நின்று தொப்பியைக் கழற்றினார். "ஏம்மா, நீங்க வர்றதுக்கு முந்தியே ஜன்னல் எல்லாத்தையும் மாத்திட்டேனே. பழைய பெயின்ட் ஒரு பொட்டு இருக்காது."

"அப்ப எம் பொண்ணு ஒடம்புல எப்படிய்யா வந்துச்சு? வானத்துலேருந்தா?" என்று கேட்டபடி கோல்பி அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். கிழவர் படியிலிருந்து சரிந்து விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. அவர் போலீசுக்குப் போகவில்லை.

அந்த வாரமே சுகாதார இலாகாவிலிருந்து ப்ராக்டர் என்ற அம்மாள் வந்தார். ஈயம் இருந்தால் காட்டும் துப்பாக்கி போன்ற கருவியை ஜன்னலில் வைத்தார், ஒன்றுமில்லை. கதவு, சுவர் எதிலும் ஒன்றுமில்லை. குழாய்த் தண்ணீரிலும் இல்லை. கூடத்துக்கு வந்து சோபாவில் வைத்ததும் அவர் புருவம் சுருங்கியது. அழுக்குத்துணிக் கூடையில் வைத்தார். பிறகு கதவருகே ஆணியில் தொங்கிய ஜாக்கெட்டுக்குப் போனார். அங்கே வெகுநேரம் நின்றார்.

"இது யாரோடது?"

"என்னோடது" என்றான் கோல்பி.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"டயர் கடை."

"வேற ஏதாச்சும்? பேட்டரி, வெல்டிங், பழைய பெயின்ட் சுரண்டற வேலை?"

கோல்பிக்கு அந்தச் சாம்பல் பூச்சு கண் முன்னால் வந்து நின்றது. நகம் பட்டதும் கோடு விழுந்த அந்த மெத்தென்ற உலோகம். ஜாக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மார்லாதான் பேசினாள். "கார் செய்யறான் மேடம். ஊர்ல யாருகிட்டயும் அப்படி ஒரு வண்டி கிடையாது. வாங்க, காட்டறேன்."

அவளே கராஜ் கதவைத் தூக்கினாள். ப்ராக்டர் அம்மாள் உள்ளே கால் வைக்கவில்லை. தரையெல்லாம், அலமாரியெல்லாம், விளக்கின் மேலெல்லாம் சாம்பல் நிறத் தூசி படிந்திருந்தது. வண்டியின் கூரை மட்டும் கண்ணாடி மாதிரி மின்னியது.

"கதவச் சாத்துங்க. குழந்தைய இந்தப் பக்கமே கொண்டு வராதீங்க" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "அந்தக் காலத்துல இணைப்புல ஈயந்தான் ஊத்துவாங்க. அதத்தான் தம்பி நீங்க இழைச்சிருக்கீங்க."

அவர் போனபின் மார்லா சமையலறை மேஜையருகே உட்கார்ந்தாள்.

"தெரியாமத்தான பண்ணுன?"

"சத்தியமாத் தெரியாது, மார்லா."

"அது எனக்குத் தெரியும். ஆனா அவங்க கேட்டப்ப உனக்குப் புரிஞ்சிருச்சு. உன் மூஞ்சியப் பாத்தேன். நான் வாயத் திறக்கலைன்னா நீ அப்படியே விட்டிருப்ப. அந்தக் கிழவர் தலையிலேயே போட்டிருப்ப. நம்ம பிள்ள இன்னும் அந்த சோபாவுல படுத்திருப்பா."

"இல்ல, சொல்லியிருப்பேன்."

"எப்ப?"

மார்லா குழந்தையின் துணிகளைக்கூட எடுக்காமல், குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

டெஸ்ஸியை மருத்துவமனையில் வைத்து மருந்து கொடுத்தார்கள். ரத்தத்தில் ஈயம் குறைந்தது, பிறகு எலும்பிலிருந்து ஊறிக் கொஞ்சம் ஏறியது, மறுபடி குறைந்தது. மூளைக்கு என்ன ஆயிற்று என்பது பள்ளிக்கூடம் போகும்போதுதான் தெரியும் என்றார் டாக்டர்.

கோல்பி விட்மர் வீட்டுக்குப் போனான். கிழவர் மாவுக்கட்டுக் கையோடு கதவைத் திறந்தார்.

"ஈயம் உங்க வீட்டுல இல்ல. என் கார்லேருந்துதான் வந்துச்சு."

"தெரியும். சோதிக்க வந்த அம்மா போன் பண்ணிச்சு." மாவுக்கட்டுக் கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு கேட்டார். "பிள்ள எப்படியிருக்கு?"

"பேச்சு வரல."

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிரு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கோல்பி கொடுத்த விற்பனை விளம்பரத்தைப் பார்த்து, வண்டியை வாங்கப் பக்கத்து மாநிலமான இண்டியானாவிலிருந்து ஒருவன் வந்தான். தார்ப்பாயை விலக்கி, கூரையின் மேல் விரலை ஓட்டி, "யப்பா, ஒரு கோடுகூடத் தெரியல. என்ன கைடா உனக்கு!" என்றான்.

"வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கா?"

"ரெண்டு இருக்கு. ஏன்?"

"அப்ப உனக்கு இல்ல."

"லூசா நீ? இவ்ளோ தூரம் வரவச்சிட்டு—"

"கிளம்பு."

அவன் திட்டிக்கொண்டே போனான். கோல்பி அதன்பின் யாரையும் கூப்பிடவில்லை. இழுவை வண்டியை வரவழைத்து, ஈயம் இருக்கும் விவரத்தையும் சொல்லி, பழைய இரும்புக் கிடங்குக்கு அனுப்பிவிட்டான். எட்டு சிலிண்டர் எஞ்சினைக்கூடக் கழற்றி வைத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையைப் பார்க்க விட்டார்கள். மார்லாவின் அக்கா வீட்டுக் கொல்லையில், புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கையை மூன்று தரம் கழுவியபின். மார்லா ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள், வெளியே வரமாட்டாள்.

இரண்டரை வயதாகியும் டெஸ்ஸி பேசவில்லை. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவாள். அன்றைக்கு அவனை ஊஞ்சலுக்கு இழுத்துப் போனாள்.

"ஊஞ்சல்" என்றான் கோல்பி மண்டியிட்டு. "சொல்லு கண்ணு. ஊ...ஞ்சல்."

அவள் அவன் உதடுகளை உற்றுப் பார்த்தாள். விரலை வைத்துத் தொட்டும் பார்த்தாள். பிறகு அவன் சட்டையைப் பிடித்து மறுபடி இழுத்தாள். கோல்பி அவளைத் தூக்கி ஊஞ்சலில் உட்காரவைத்து, மெல்ல ஆட்டத் தொடங்கினான்.