ஈசான மூலைத் தூண்

மாத்தளைக்கு ஒன்பது மாடிக் கட்டிடம்! சொன்னது அமைச்சர் என்பதால் மட்டுமே யாரும் சிரிக்கவில்லை. அது 1980. மாவட்டத்து அரசாங்கக் கந்தோர்களையெல்லாம் ரயில் பாதைக்கு மேலே ஒரே கட்டிடத்தில் அடுக்கப்போகிறாராம். நிலம் வாங்கினால் செலவு, தண்டவாளத்துக்கு மேலே ஆகாயம் சும்மாதானே கிடக்கிறது என்று எந்த மகராசனோ அவர் காதில் ஓதியிருந்தான். லக்கலைக் கிராமத்து வயலை விட்டுவிட்டுப் பஸ் மாறி மாறி வரும் கமக்காரன், கரண்ட் போன நாளில் எட்டாம் மாடிக்கு மூச்சிரைக்க ஏறுவதைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை.

கட்டிடக் கலைஞர் இராசமாணிக்கம் வேலையைப் பிடித்துக்கொண்டார். பிளான் முழுவதையும் போட்டவள் அவரிடம் வேலை பார்த்த டொறீன். கொழும்பில் பட்டம் வாங்கியவள். ஓடும் ரயிலுக்கு மேலே இத்தனை மாடியை நிறுத்துவது விளையாட்டல்ல. தூண்கள் எந்தப் பாதையையும் மறிக்கக் கூடாது, ரயிலின் அதிர்வு மேலே ஏறக் கூடாது என்று மண்டையை உடைத்துக்கொண்டாள். கட்டிடம் பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் பிளான் அவளுடையது. அதில் தன் பெயர் வர வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

"சேர், உங்க பேருக்குக் கீழ என் பேரையும் போடுங்க."

"பார்ப்போம் டொறீன், பார்ப்போம்."

பார்த்த லட்சணம் நினைவுக்கல் வந்தபோது தெரிந்தது. அமைச்சர் பெயர், அதற்குக் கீழே இராசமாணிக்கம் பெயர், மூன்று மொழிகளிலும். டொறீன் பெயர் ஒரு மொழியிலும் இல்லை.

அதற்குள் இராசமாணிக்கம் மனை பார்க்க ஒரு சாத்திரியாரையும் கூட்டி வந்துவிட்டார். முதல் தூண் ஈசான மூலையில்தான் எழும்ப வேண்டுமாம். சாத்திரியார் விரலை நீட்டிய இடம் பக்கப் பாதையின் நட்டநடு.

"சேர், மாத்தளையோட பாதை முடியுது. எஞ்சின் கழண்டு, இந்தப் பக்கப் பாதையில சுத்தி வந்துதான் மறு நுனியில மாட்டணும். இதை மறிச்சா ரயில் எப்படிங்க கண்டிக்குத் திரும்பும்?"

"வேற பாதை போட்டுக்குவாங்க. நல்ல காரியத்துல குறுக்க பேசாதீங்க."

ஸ்டேஷன் மாஸ்டர் சிறிலும் முறையிட்டுப் பார்த்தார். அமைச்சரின் உத்தரவு என்றதும் ஸ்டேஷனுக்குள் திரும்பிப் போய்விட்டார்.

விழா நாள் காலை சுபநேரத்தில் கம்பிக்கூட்டை நிறுத்திக் கொங்கிறீட் ஊற்றினார்கள். பிறகு பூமாலை கட்டிய விசேட ரயிலில் அமைச்சர் வந்து இறங்கினார். நினைவுக்கல்லைத் திறந்தார், பேசினார், கைதட்டல் வாங்கினார், கண்டியில் அடுத்த கூட்டத்துக்காகத் திரும்பவும் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் கழன்று முன்னே போய், பின்வாங்கிப் பக்கப் பாதையில் ஏறி, ஈரம் காயாத தூணுக்கு முன்னால் நின்று கூவியது. மறுபடியும் கூவியது. கூவினால் தூண் எழுந்து வழிவிடுமா? பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகலாம் என்றான் யாரோ ஒருவன். கண்டிப் பாதையின் வளைவுகளில் அமைச்சரை வைத்துத் தள்ளச் சிறிலுக்குத் துணிச்சல் இல்லை.

அமைச்சர் வியர்த்து வழிந்து இறங்கினார். "யார் போட்ட பிளான் இது?" என்று சிங்களத்தில் சீறினார்.

இராசமாணிக்கம் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "டொறீன் சேர்! இவங்கதான். எல்லாமே டொறீன் போட்டது!"

எத்தனை கெஞ்சியும் அவர் வாயில் வராத பெயர், இப்போது ஊரே கேட்கும்படி வந்தது. டொறீனுக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"என் பேரு எங்க சேர் இருக்கு? கல்லுல வாசிச்சுப் பாருங்க" என்றாள். அமைச்சருக்கு விளங்கட்டும் என்று அதையே சிங்களத்திலும் சொன்னாள்.

இராசமாணிக்கம் ஓடிப்போய்க் கல்லை மறைத்து நின்றார். அமைச்சர் அவரை ஒதுக்கிவிட்டு வாசித்தார். கல்லில் இருந்த பெயர்கள் இரண்டுதான். முதலாவது அவருடையது.