சிரித்தால் சிவக்கும் முழங்கால்

எதிரே லாரியே வந்தாலும் அசராத பஸ் ஓட்டுநர்தான். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், மனிதருக்குக் கை உதறல் எடுத்துவிடும். மகளின் மூட்டு வீக்கத்துக்கான ஊசியை அவர்தான் போட வேண்டும். மனைவி ஊசி முனையைப் பார்த்தாலே மயங்கி விழுவாள். வேறு யார் போடுவது? மகள் குருவி (வீட்டில் எல்லோருக்கும் அவள் குருவிதான்) கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்வாள். இவர் தரையில் குப்புறப் படுத்து, முழங்காலில் கை பட்டுவிடாமல் கணுக்காலைப் பார்த்துப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். ஊசி போட்ட பிறகு அவள் அழமாட்டாள். இவர்தான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொள்வார்.

அந்த ஊசிக்கு இன்றைக்கு ஒரு முடிவு தெரிந்துவிடும். "வெளிய வீக்கம் இல்ல. ஸ்கேன்ல உள்ளயும் அமைதியா இருந்தா ஊசியை நிறுத்திப் பாக்கலாம்" என்று டாக்டரம்மா போன தடவையே சொல்லியிருந்தார்.

வருஷக்கணக்காக ஸ்கேன் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததில் ஓட்டுநர் அரை டாக்டர் ஆகியிருந்தார். திரையில் கறுப்பாகத் தெரிந்தால் மூட்டுக்குள் நீர். கலர் தெரிந்தால் ரத்தம் பாய்கிறது, அதாவது உள்ளே அழற்சி. கலர் இல்லையா, ஊசி இல்லை. இவ்வளவுதான் வைத்தியம் என்பது அவர் கட்சி.

ஸ்கேன் அறையில் குருவி படுக்கையில் ஏறிக் காலை நீட்டினாள். ஜெல்லைச் சூடாக்கும் பெட்டி அன்றைக்குப் பார்த்துக் கெட்டுப்போயிருந்தது. முழங்காலில் சில்லென்று ஜெல் விழுந்ததுமே அவளுக்கு உடம்பு நெளிந்தது.

"கறுப்பு ஒண்ணும் காணோம்" என்றார் டாக்டரம்மா. "இப்போ கலர் போடறேன்."

பட்டனை அழுத்தியதுதான் தாமதம், திரை முழுக்கச் சிவப்பும் நீலமுமாகப் பொங்கி வழிந்தது.

"ஐயோ, டாக்டர்!"

"பதறாதீங்க சார். அவ சிரிக்கிறா. கால் ஆடினா அதையும் ரத்த ஓட்டம்னு இந்த மெஷின் நெனச்சுக்கும். சிரிக்காம இரும்மா."

சிரிக்காதே என்று சொன்னால் எந்தப் பிள்ளை கேட்டிருக்கிறது? குருவி வாயைப் பொத்தினாள். சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. திரையில் மறுபடியும் அதே கூத்து.

"கொஞ்சம் அழுத்திப் புடிங்க டாக்டர், கூசாது" என்று யோசனை சொன்னார் நம் அரை டாக்டர்.

டாக்டரம்மா அழுத்தினார். சிரிப்பு நின்றது, கலரும் மறைந்தது. "போயிடுச்சு! சுத்தமா இல்ல! ஊசியை நிறுத்திடலாம்ல?" என்று ஓட்டுநர் குதிக்காத குறை.

"அழுத்தினா சின்ன ரத்தக் குழாயெல்லாம் நசுங்கிடும் சார். இருக்கற கலரும் தெரியாது. அது நம்மளை நாமே ஏமாத்திக்கறது. தொட்டும் தொடாம வச்சாதான் நெஜம் தெரியும்."

"தொட்டும் தொடாம வச்சாதான் கூசுது!" என்று அலறினாள் குருவி.

"சோகமா எதையாவது நெனச்சுக்கோ கண்ணு. சனிக்கிழமையை நெனச்சுக்கோ" என்றார் அப்பா.

அவளும் கண்ணை மூடி நினைத்தாள். நினைத்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "நீ கட்டிலுக்கு அடியில தலைய விட்டுத் தும்முனியேப்பா, மண்டை இடிச்சுச்சே!"

டாக்டரம்மாவின் கையே ஆடியது. "சார், நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க, உங்க மூஞ்சியப் பாத்தா வேலை நடக்காது." ஓட்டுநர் சுவரைப் பார்த்து நின்றார். நின்றவரின் தோள் குலுங்கியது. "அப்பாவும் சிரிக்கிறாரு!" என்று குருவி காட்டிக் கொடுக்க, மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னவோ ஏதோ என்று நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சிரிப்புக்கும் ஒரு கட்டத்தில் அலுத்துவிடும். கடைசியாக ஒரு விக்கல் வந்தது, அதோடு குருவி அடங்கினாள். டாக்டரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்கேன் கருவியைத் தொட்டும் தொடாமல் வைத்தார். அறை அமைதியானது. ஓட்டுநர் மெல்லத் திரும்பினார்.

திரை சாம்பல் நிறமாக இருந்தது. அதில் இரண்டே இரண்டு சிவப்புப் புள்ளிகள், நாடித் துடிப்போடு சேர்ந்து மின்னின. இப்போது யாரும் சிரிக்கவில்லை, கால் ஆடவும் இல்லை. புள்ளிகள் போகவும் இல்லை.

ஓட்டுநர் படுக்கையருகே வந்தார். மகளின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். "பரவால்ல டாக்டர். இன்னும் கொஞ்ச நாளைக்குப் போட்டுக்கறோம்" என்றார். குருவியின் முகம் சுண்டிப்போனது.

"என்னத்தப் போட்டுக்கறீங்க? நான் ஒண்ணுமே சொல்லலியே!"

"கலர் இருக்கே டாக்டர்."

"கலர் இருக்கு. எங்க இருக்குன்னு பாருங்க." டாக்டரம்மா திரையில் விரல் வைத்தார். "மூட்டைச் சுத்தியிருக்கற சவ்வு இது. இங்க வந்தாதான் அழற்சி. இங்க ஒண்ணுமில்ல. இந்தப் புள்ளி ரெண்டும் எலும்பு முனையில, குருத்தெலும்புக்குள்ள இருக்கு. கொழந்தைங்களுக்கு அது வளர்ற எடம். வளரணும்னா ரத்தம் போகத்தானே வேணும்?"

"இத்தனை நாள் தெரியலியே?"

"இத்தனை நாள் சவ்வு முழுக்கச் செவப்பா எரிஞ்சுகிட்டிருந்துச்சு. இந்தப் புள்ளியை யார் கவனிச்சா? உங்க பொண்ணு வளர்றா சார். வேற ஒண்ணும் இல்ல."

ஓட்டுநருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் நின்றார். மற்ற மூட்டுகளையும் பார்த்து முடித்த டாக்டரம்மா, "ஊசியை நிறுத்திப் பாக்கலாம். திரும்ப வர்றதுக்கும் வாய்ப்பு இருக்கு, சொல்ற நாள்ல வந்து காட்டிடணும்" என்றார்.

"பறந்து வந்துடறோம்!" என்றார் ஓட்டுநர்.

சனிக்கிழமை வந்தது. ஊசி இல்லை என்று தெரிந்தும், பழக்கதோஷம், சாயங்காலம் அவருக்குக் கை உதறியது. உள்ளேயிருந்து ஒரு குரல்: "அப்பா! வந்து இழு!"

"எதுக்குடி? ஊசிதான் இல்லியே!"

"சும்மாதான். இழுப்பா!"

போய்ப் பார்த்தார். தலை சுவரில் முட்டும்வரை கட்டிலுக்கு அடியில் நீட்டிப் படுத்திருந்தாள். அப்படியும் இடம் போதவில்லை. முழங்கால் இரண்டும் கட்டிலுக்கு வெளியே நின்றன. இந்தப் பெண் எப்போது இவ்வளவு வளர்ந்தாள்? வாராவாரம் இழுத்தவருக்கு அது கண்ணில் படவே இல்லை.

குனிந்து கணுக்காலுக்குப் போன கையை ஒரு நிமிஷம் நிறுத்தினார். பிறகு இரண்டு முழங்காலையும் இறுகப் பிடித்து இழுத்தார். குருவி வீடு அதிரச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.