கடைசி பெஞ்சுக்கு வந்த வாசனை

மூணாம் வகுப்பு டீச்சருக்கு வருஷத்திலேயே பிடித்த பாடம் திடம், திரவம், வாயு. புத்தகத்தில் இரண்டே பக்கம்தான். அவள் அதை மூன்று நாள் நடத்துவாள். முதல் நாள் காலையில் அவள் கணவர் ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெரிய ஐஸ் துண்டைச் சாக்கில் சுற்றி, வண்டியில் வைத்துக் கொண்டுவருவார். அங்கே கம்ப்ரசர் ஓட்டுபவர் அவர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் ‘ஐஸ் சார்’.

“யாராவது நாக்கை வெச்சீங்க, ஒட்டிக்கும். அப்புறம் உங்களையும் சேர்த்துதான் உருக்கணும்” என்று மிரட்டுவார். மொத்த வகுப்பும் வாயைப் பொத்திக்கொள்ளும்.

இந்த வருஷம் அவர் இல்லை. நான்கு மாதங்களுக்கு முன் கம்பெனியில் ஒரு குழாய் விட்டுப்போய் அமோனியா வாயு கசிந்தது. எல்லாரும் வெளியே ஓடிவந்தார்கள். அவரும் வந்துவிட்டார். உள்ளே ஒரு லோடுமேன் விழுந்து கிடக்கிறான் என்று யாரோ சொல்ல, ஈரச் சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு திரும்பப் போனார். லோடுமேனை வாசல் வரை இழுத்துவந்து போட்டார். அவன் பிழைத்தான். அவர் மறுநாள் மதியம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அந்த லோடுமேனின் மகள் டீச்சரின் வகுப்பில்தான் படித்தாள். முன்பெல்லாம் முதல் பெஞ்சு. கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள், பெரும்பாலும் தப்பாக. ‘வாயாடி’ என்று டீச்சரே வைத்த பெயர். சாவுக்குப் பிறகு அவளாகவே கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். டீச்சர் ஏன் என்று கேட்கவில்லை. நான்கு மாதமாக அவளை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நோட்டைத் திருத்துவாள், டிக் போடுவாள், முகத்தைப் பார்க்காமல் நீட்டுவாள். செய்வது தப்பென்று அவளுக்கே தெரியும். ஆனால் அந்தப் பெண் பக்கத்துப் பிள்ளையிடம் “எங்க அப்பா...” என்று பேச ஆரம்பித்தாலே டீச்சருக்குக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்ளத் தோன்றும்.

“இந்தப் பாடத்தை மட்டும் நாலாம் கிளாஸ் டீச்சர் எடுக்கட்டுமேம்மா” என்றார் தலைமையாசிரியை.

“வேண்டாம் மேடம். நானே எடுத்துடறேன்.”

வீட்டு ஃப்ரிட்ஜில் உறைந்த ஐஸ் கட்டிகளை டிபன் டப்பாவில் கொண்டுவந்தாள். ஆளுக்கொன்று உள்ளங்கையில். யாருடையது முதலில் கரைகிறது என்று போட்டி. ஒருவன் ரகசியமாகச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு நெளிந்தான். “ஐஸ் சார் கொண்டு வர்றதுதான்...” என்று ஆரம்பித்த பையனைப் பக்கத்திலிருந்தவள் கிள்ளினாள். வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் போல. மறுநாள் தண்ணீரைத் தம்ளரில், மூடியில், சோப்பு டப்பாவில் ஊற்றிப் பார்த்தார்கள். தரையெல்லாம் ஈரம்.

மூன்றாம் நாள் வாயு. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மேசைமேல் ஒரு ரோஜா சென்ட் பாட்டிலை வைத்தாள்.

“கண்ணை மூடிக்கோங்க. வாசனை வந்ததும் கையைத் தூக்கணும். வராமலே தூக்கினா கள்ள ஆட்டம்.”

மூடியைத் திறந்து ஒரு கைக்குட்டையில் கொஞ்சம் ஊற்றி விரித்தாள். முதல் பெஞ்சில் கைகள் எழுந்தன. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது பெஞ்சு. பிறகு மூன்றாவது. டீச்சர் பார்த்துக்கொண்டே நின்றாள். வருஷா வருஷம் செய்வதுதான். ஆனால் அமோனியாவும் இப்படித்தான் வந்திருக்கும் என்று இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. எட்ட நின்றவர்களுக்கு ஓட நேரம் இருந்திருக்கிறது. அவருக்கும் இருந்திருக்கிறது. அது வரும் வழியிலேயே அவர் எதிரே நடந்து போயிருக்கிறார்.

அப்போதுதான் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். வாயாடி மட்டும் கை தூக்கவில்லை. கன்னம் உப்பி, முகம் சிவந்து, பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் ஓடிப்போய்த் தோளைத் தொட்டாள். “மூச்சு விடு.”

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

“விடும்மா. வெறும் சென்டுதான். ஒண்ணும் செய்யாது.”

அவள் விட்டாள். இருமி, அழுதாள். “வாடை வந்தா மூச்சை அடக்கிக்கிட்டு வெளிய ஓடணும்னு அப்பா சொல்லியிருக்காரு.”

“அப்புறம் ஏன்டா ஓடலை?”

“நீங்கதான் கண்ணை மூடிட்டு உட்காரச் சொன்னீங்க.”

டீச்சர் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். திரும்பிவந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பெண்ணை மடியோடு சேர்த்துக்கொண்டாள். முன்னால் பிள்ளைகள் எல்லாரும் கண்ணை மூடி, கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார்கள். இறக்கச் சொல்ல மறந்துவிட்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் லோடுமேனை வரச் சொல்லியிருந்தாள். பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். சாவு வீட்டுக்குக்கூட அவனால் வர முடியவில்லை. அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தான். தொண்டை வெந்துபோனதில் குரல் இப்போதும் காற்றாகத்தான் வந்தது.

“உள்ள வாங்க.”

“இருக்கட்டும் டீச்சர். உங்க முகத்துல எப்படி முழிக்கறதுன்னுதான்...”

“அவர் ஏதாவது சொன்னாரா?” நான்கு மாதமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

அவன் கொஞ்சம் யோசித்தான். பொய் சொல்ல யோசித்திருக்கலாம். “‘எந்திரிடா’ன்னாரு. ரெண்டு தரம் சொன்னாரு.”

“வேற?”

“வேற ஒண்ணும் சொல்லலை டீச்சர்.”

டீச்சர் தலையை ஆட்டினாள். நன்றி சொல்ல வாய் வரவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. வகுப்பு விட்டு வந்த மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அவளோடு நடந்து, இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கி, தெருமுனை திரும்பினான். டீச்சர் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கணவர் இறந்த அன்று அழுததைவிட அதிகமாக அழுதாள்.

திங்கட்கிழமை வகுப்பில் முதல் கேள்வியை வாயாடியிடம் கேட்டாள். அவள் எழுந்து நின்று, வெகு நேரம் யோசித்து, மெதுவாகத் தப்பான பதில் சொன்னாள்.

“இன்னொரு தரம் யோசிச்சுச் சொல்லு” என்றாள் டீச்சர், அவள் முகத்தைப் பார்த்து.