இட்டியவிரா அச்சாயனின் உள்ளங்கை

எங்கள் ஊர் நெல்வயல் காயல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. ஐம்பது குதிரைசக்தி மோட்டார் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தால் நெல், நின்றால் மீன். அந்த மழையின்போது கதிர் பால் பிடித்திருந்தது.

மோட்டார் சூடேறினால் கரண்டை வெட்டிவிட ஒரு ரிலே இருந்தது. பாசி அடைத்தால் வெட்டும், வோல்டேஜ் இறங்கினால் வெட்டும். ஒழுக்கமான பிள்ளை; ஆகவே எங்கள் விவசாயிகள் குழுவில் யாருக்கும் பிடிக்கவில்லை. ரிலேயை ஒதுக்கிவிட்டு நேராக வயர் கொடுக்க ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

“அச்சாயன் கை இருக்கறப்போ ரிலே எதுக்குடா?” என்றார் செயலாளர் செல்லப்பன்.

மோட்டார் ஓட்டுபவர் இட்டியவிரா அச்சாயன். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைப்பார். சூடு ஏறினால் நிறுத்தி ஆறவிடுவார். இதுவரை மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள், அந்தக் காயில், ஒருமுறைகூடக் கருகியதில்லை. சமீபமாக, கமலாசனன் கடையில் கொதிக்கிற டீ கிளாஸை முழுக்கையால் பிடிக்க ஆரம்பித்திருந்தார். வெளியூர்க்காரர்களுக்கு அதை வேடிக்கை காட்டுவோம். சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்னதற்கு, டீயில் அரைக் கரண்டி குறைத்திருந்தார்.

மூன்றாம் நாள் மழையில், கரையில் நடந்துபோன எனக்குக் கருகல் வாடை அடித்தது. மோட்டார் கொட்டகைக்கு ஓடினேன். அச்சாயன் மோட்டார்மேல் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

“அச்சாயா, தீயற வாடை!”

“எவளோ மீன் வறுக்கறாடா. இது வெதுவெதுன்னுதான் இருக்கு.”

நான் விரலை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன். சுவிட்சுக்குத் தாவுவதற்குள் மோட்டார் ஒருமுறை முனகி, புகைந்து, நின்றது.

அச்சாயன் கையை எடுத்தார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“எப்பலேருந்து அச்சாயா?”

“ஓணத்துலேருந்து மரத்த மாதிரி இருந்துச்சு. சொன்னா வேற ஆளப் போட்டுருவீங்களேடா.”

“ரொம்ப வலிக்குதா?”

“வலிக்கலயேடா,” என்றார். அப்போதுதான் அழுதார்.

புதுக் காயில் சுற்றி மோட்டார் திரும்பி வருவதற்குள் கதிர்கள் தண்ணீருக்குள் போய்விட்டன. ரிலேயைத் திரும்ப மாட்டக் குழு மறுபடி ஏகமனதாகத் தீர்மானித்தது. மோட்டாருக்கு வேறு ஆளும் போட்டது. கையைப் பற்றி யாரும் பேசவில்லை.

கட்டுப்போட்ட கையோடு அச்சாயன் டீக்கடைக்கு வந்தார். கமலாசனன் டீயை ஆற்றினார், மறுபடியும் ஆற்றினார், பச்சைத்தண்ணீராய் ஆனபிறகு அவருடைய இடதுகையில் கொடுத்தார்.

அச்சாயன் எங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு, ஆறிப்போன அந்த டீயை வெகுநேரம் ஊதிக்கொண்டிருந்தார்.