உப்பு பார்க்கிறவர்

பதினொன்றே காலுக்கு மூன்றாவது ஈடு எண்ணெயிலிருந்து ஏறியது. உருளைக்கிழங்குச் சீவல்கள் கம்பி வலையில் வடிந்து, உப்பு போடும் பீப்பாய்க்குள் சரிந்தன. பீப்பாய் சுற்றி நின்றதும் அதைக் கவனிக்கும் பெண் ஒரு கை அள்ளித் தட்டில் போட்டு நீட்டினாள்.

உப்பு பார்க்கிறவர் வெந்நீரில் வாய் கொப்பளித்தார். ஒரு சீவலை எடுத்து நாக்கின் நடுவில் வைத்தார். மென்றார். குவளையில் துப்பினார்.

"எத்தன மாசம்ணே?"

"என்னது?"

"மசக்கைதான். துப்பிக்கிட்டே இருக்கீங்களே."

"டாக்டர் முழுங்கக் கூடாதுன்னிருக்காரு."

"பொறந்ததும் அவர் பேரையே வெச்சிடுங்க. உப்பு எப்படி?"

"கரிக்குது. ஒரு கரண்டி குறை."

அவள் கரண்டியைப் பார்த்தாள். "நேத்தும் குறைச்சோம்ணே."

"குறைன்னா குறை."

ஆலையில் அவருக்குப் பெயர் நாக்கு. பத்தொன்பது வருடமாக உப்பு பார்க்கிறார். ஒவ்வொரு லோடு கிழங்கும் உப்பை ஒவ்வொரு மாதிரி பிடிக்கும். அளவை எழுதி வைத்துப் பயனில்லை. ஒரு முறை அதற்கென்று ஒரு இயந்திரம் வாங்கினார்கள். மூன்று வாரம் ஓடியது. இப்போது அதன்மேல் துடைப்பத்தைச் சாய்த்து வைக்கிறார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், வாய் கொப்பளிக்கும் இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய்க்குள் கம்பிச் சுருள் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். உப்பு நாளைக்கு அரை ஸ்பூன், எண்ணெய் இரண்டு ஸ்பூன், மற்றபடி காய், கீரை, பழம். மனைவி அதைச் சமையலறைக் கதவில் ஒட்டினாள். அரை ஸ்பூன் என்றிருந்ததற்குக் கால் ஸ்பூன் போட்டாள். தானும் அதையே சாப்பிட்டாள்.

முதல் வாரம் அவர் தட்டைத் தள்ளினார். ஐந்தாவது வாரம் வெறுமனே அவித்த கேரட்டில் இனிப்பு தெரிந்தது. மாடிப்படியில் நடுவில் நிற்காமல் ஏறினார்.

"பாத்தீங்களா" என்றாள் மனைவி.

எதைத் தொட்டாலும் கரித்தது. ஆலையில் கரித்ததும் அதனால்தான் என்று அவருக்குத் தோன்றவில்லை. உப்பே இல்லை என்று இரண்டு வண்டிச் சரக்கு கடைகளிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது.

அவரை அறைக்கு வரச் சொன்ன மேனேஜர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி டப்பாவில் வெள்ளரித் துண்டுகள், முட்டையின் வெள்ளை, நாலு பாதாம். மணிக்கட்டில் நடையை எண்ணும் கடிகாரம். மேஜையில் மூன்று தட்டுகளில் சீவல் இருந்தது.

"எதுல உப்பு சரி?"

அவர் மூன்றையும் மென்று பார்த்துக் கடைசித் தட்டைக் காட்டினார்.

"அது திரும்பி வந்த சரக்கு" என்றார் மேனேஜர்.

"நீங்களும் ஒண்ணு வாயில போட்டுப் பாருங்க சார்."

"நானா? இந்தக் கருமத்தையா?" மேனேஜர் வெள்ளரியைக் கடித்தார். "நல்லா இருந்த நாக்க யாருய்யா கெடுத்தது?"

"டாக்டர் சொன்னபடி சாப்பிடறேன் சார். நெஞ்சுக்கு..."

"நெஞ்சு உங்களோடது. இங்க நாக்குக்குத்தான் சம்பளம். ஒரு வாரம் தரேன், பழையபடி ஆக்கிட்டு வாங்க. இல்லன்னா கிழங்கு இறக்கற எடத்துல ஆள் கம்மி."

கிழங்கு மூட்டை ஐம்பது கிலோ.

வீட்டில் சொன்னார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"மூட்ட தூக்கினா ஒரே நாள்ல போயிடுவேன். உப்பு தின்னா மெதுவாத்தான்."

"நல்ல கணக்கு" என்றாள். பரணிலிருந்து உப்பு ஜாடியை இறக்கி அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கதவில் இருந்த தாளைக் கிழிக்கவில்லை. முதல் வாய் அவருக்கு இறங்கவில்லை.

"முழுங்குங்க. அங்கதான் துப்பணும், இங்க இல்ல."

ஆறாம் நாள் கேரட் மண்ணாக இருந்தது. ஏழாம் நாள் மேனேஜர் வைத்த தட்டுகளில் சரியானதைத் தொட்டார். மேனேஜர் போனிலிருந்து தலையைத் தூக்காமல் கையை ஆட்டினார். போகலாம் என்று அர்த்தம்.

பேக்கிங் பக்கம் திரும்பி வந்த பாக்கெட்டுகள் மலையாகக் கிடந்தன. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சிவப்பில் ஒரு இதயம். 'உப்பு குறைவு. இதயத்துக்கு இதம்.' கீழே புது விலை, பழையதைப் போல ஒன்றரை மடங்கு.

பீப்பாய்க்காரி ஒன்றை எடுத்து அவர் சட்டைப் பைமேல் ஒட்டினாள். "உங்க நெஞ்சுதாண்ணே. எடத்துல இருக்கட்டும்."

அவர் பிய்த்து எறிந்தார். பசை சட்டையிலேயே இருந்தது.

இரண்டு வாரம் கழித்து மேனேஜர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். அதற்குள் அவருக்குச் செருப்பு வார் பாதத்தில் பதிய ஆரம்பித்திருந்தது. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி நிரம்ப நேரமானது. மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று ஏறினார்.

"உக்காருங்க" என்றார் மேனேஜர். பத்தொன்பது வருடத்தில் அந்த அறையில் யாரும் அவரை உட்காரச் சொன்னதில்லை. உட்கார்ந்தார். மேஜைக்கடியில் செருப்பைக் கழற்றினார்.

"இதயம் போட்ட பாக்கெட் ஒண்ணுகூட மிச்சமில்ல. பெரிய கடைக்காரன் எல்லாம் அதையே கேக்கறான். புதுசா நாலு விதமா போட்டுப் பாத்தோம். ஒண்ணுல கரிக்குதாம், ஒண்ணுல ஒண்ணுமே இல்லையாம். அன்னைக்கு நீங்க பாத்த உப்பு இதுல எது?"

நாலு தட்டு இருந்தது. அவர் ஒன்றொன்றாக மென்றார். துப்பக் குவளை இல்லை, விழுங்கினார்.

"எல்லாம் சப்புன்னு இருக்கு சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அட்டைய மெல்ற மாதிரி இருக்கு."

மேனேஜர் பாதாம் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். "சரி. அப்ப சாப்பிட்டதையே மறுபடி சாப்பிடுங்க. அந்த நாக்கு வரட்டும். மூணு வாரம் தரேன்."

"அஞ்சு வாரமாச்சு சார், அது வர்றதுக்கு." அவர் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார். "அதுவரைக்கும் மத்த சரக்குக்கு யாரு உப்பு பாக்கறது?"

மேனேஜர் டப்பாவை மூடி, கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். நடக்கப் போகும் நேரம்.

"ஏன்யா, ஒரு ஆளுக்கு ரெண்டு நாக்கு இருக்கக் கூடாதா?"