நாலு லட்சப் பீரோ

பீரோவை முன்னால் நின்று பார்ப்பவன் விருந்தாளி. மதிப்பீட்டாளன் முதுகைப் பார்க்க வேண்டும். நான் சுவரோரம் படுத்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரி முதல்வராக ஓய்வுபெற்ற, அந்த வீட்டு அண்ணன் என் காலருகே நின்று சொற்பொழிவாற்றினார். அசல் தேக்காம், கைவேலையாம், நூறு வருஷமாம். முதுகில் ஒட்டுப்பலகை இருந்தது. இரண்டு கால்கள் பிற்பாடு மாற்றியவை. வலது கதவின் கீல் தளர்ந்து, சாத்தச் சாத்தத் திறந்துகொண்டது.

அவர்களுடைய இறந்துபோன அப்பாவின் வீட்டுச் சாமான்கள் அண்ணனுக்கும் தங்கைக்கும் சரிபாதி. அப்பாவை ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்ட தங்கை, வாய்விட்டுக் கேட்டது இந்தப் பீரோவைத்தான். இதன் விலை அவர் பங்கில் கழியும்.

"முப்பதாயிரம்" என்று அறிக்கையை நீட்டினேன்.

அண்ணன் பையிலிருந்து பழைய அறிக்கை ஒன்றை உருவினார். மூன்று வருஷத்துக்கு முந்தையது. என் கையெழுத்தேதான். நாலு லட்சம்.

"அப்ப பொய் சொன்னீங்களா, இல்ல இப்பவா?"

"அது இன்சூரன்சுக்கு சார். எரிஞ்சுபோனா புதுசா செய்ய ஆகிற செலவு. இது, இன்னிக்கு வித்தா கிடைக்கிறது. எதுக்காக மதிக்கிறோமோ அதைப் பொறுத்துதான் விலை. ரெண்டாம் பக்கத்துல எழுதியிருக்கேன்."

இருபது வருஷமாக இதையே சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். அந்த இரண்டாம் பக்கத்தைப் படித்தவர்கள் நானும், தட்டச்சு செய்பவரும். அவர்மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

"பொருள் ஒண்ணுன்னா விலையும் ஒண்ணுதான். காலேஜ்ல பொருளாதாரம் நடத்தினவன்யா நான்!" என்றார் அண்ணன்.

தங்கை முதல்முறையாக வாய் திறந்தார். "எங்கப்பா பீரோ முப்பதாயிரமா?"

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. 'அம்மா தாயே, நாலு லட்சம்னா உங்க பங்கு இதோட காலி, மிச்சமெல்லாம் அண்ணனுக்கு' என்பது நுனிநாக்கு வரை வந்தது. யார் பக்கமும் சாயக் கூடாது என்பது தொழில் விதி. அதற்கென்று தேர்வெழுதி, சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டிவைத்திருக்கிற மேதை நான்.

"கையெழுத்துக்கு முன்னால ரெண்டாம் பக்கத்தைப் படிச்சிடுங்கம்மா."

"இந்தப் பீரோக் கண்ணாடியில பாத்துதான் அப்பா தலை வாருவார். முப்பதாயிரமாம்! ஒரு போன் விலை."

"அப்படிக் கேளு!" என்றார் அண்ணன், வாழ்நாளிலேயே முதல்முறையாகத் தங்கையோடு உடன்பட்டு. பாகப்பிரிவினைத் தாளில் நாலு லட்சம் என்று எழுதி, பேனாவை நீட்டினார்.

கிரீச்சென்று வலது கதவு திறந்தது.

தங்கை எழுந்தார். என் அறிக்கையைக் கையில் எடுத்து இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். ஒரு வரிகூடப் படிக்காமல் அந்தத் தாளைப் பக்குவமாகக் கிழித்தார், நாலாக மடித்தார், கதவிடுக்கில் செருகி உள்ளங்கையால் அழுத்தினார்.

கதவு அசையாமல் நின்றது. அண்ணனின் பேனாவும் நீட்டியபடியே இருந்தது.