கேட்காமல் தூக்கும் புலி

காரைக்காலிலிருந்து கோட்டுச்சேரி போகும் காலைப் பஸ்ஸில், மதிவதனி தான் செல்போனில் எழுதும் தொடர்கதையை மீன் விற்கும் அஞ்சுகத்துக்குத் தினமும் வாசித்துக் காட்டுவாள். அன்றைய அத்தியாயத்தில், புலியாக மாறும் நாயகன் நாயகியை மோந்து பார்த்து, "நீ எனக்குத்தான்" என்று தூக்கிக்கொண்டு போனான்.

அஞ்சுகத்துக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏண்டி, என் கூடையில கெடக்குற கொடுவாவையே செவுளைத் தூக்கிப் பாத்துட்டு, என்னைக் கேட்டுட்டுதான் எடுக்குறாங்க. இவளை ஒரு வார்த்தை கேட்டானா அவன்?"

"படிக்கிறவங்களுக்கு அதுதான் அக்கா புடிக்குது."

"எனக்குப் புடிக்கல."

மதிவதனி அன்று முழுக்க அழித்து அழித்து எழுதினாள். மறுநாள் அத்தியாயத்தில், புலி நாயகியின் வாசலில் நகங்களை உள்ளிழுத்துக்கொண்டு உட்கார்ந்து, "உள்ளே வரலாமா?" என்று கேட்டது.

இறங்க வேண்டிய ஸ்டாப்பிங் வந்தும் அஞ்சுகம் கூடையைத் தூக்கவில்லை.

"அவ என்னடி சொன்னா?"